ஆறிலொரு ஹொண்டா

சிறிய மாதிரி செய்வதுதான் கடினம், அளவு கூடக் கூட வேலை இலகுவாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் மாதிரிகளைப் பொறுத்தவரை நிலைமை இதற்கு நேரெதிர். 1969இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா சிபி 750 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 2160 மி.மீ. ஜப்பானின் சிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனம் அதை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி, பொருத்தப்படாத துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்கிறது. பொருத்தி முடித்தால் 360 மி.மீ., முக்கால் முழத்துக்குச் சற்றுக் கூட. அதை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, அசல் வண்டிக்கு 1.8 மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமன்.

நல்ல கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 0.09 மி.மீ. ஆறால் பெருக்கினால் அசல் வண்டியில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட எந்த உறுப்பு குறைந்தாலும், தடித்தாலும், இடம் மாறினாலும் கண் அதைப் பிடித்துவிடும் என்பதே இதன் பொருள். இதே வண்டியை 1/24 அளவில் செய்திருந்தால் 2 மி.மீ. வரையான குறைகள் யாருக்கும் தெரியா. ஆகவே பெரிய மாதிரியைக் கையில் எடுப்பவர் முதலில் அசல் இயந்திரத்தைப் படிக்க வேண்டும். கை நுட்பம் அதற்கு அடுத்தது.

அசலில் 10 மி.மீ. சாவி போடும் போல்ட்டின் தலை மாதிரியில் 1.7 மி.மீ. ஆகிறது. அதன் ஆறு முகங்களும் தெரிய வேண்டும். 7 மி.மீ. தடிப்புள்ள பிளக் வயர் 1.2 மி.மீ. ஆகிறது. 530 வகைச் செயினின் கணுக்களுக்கு இடையிலான தூரம் 15.875 மி.மீ.; மாதிரியில் 2.65 மி.மீ. சில்லுக் கம்பிகள் அரை மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிடுகின்றன. இவற்றில் எதையும் பிளாஸ்ரிக்கில் திருத்தமாக வார்ப்பது கடினம். மாதிரிகளை நுணுக்கமாக்குபவர்கள் கறையில் உருக்குக் கம்பி, ஈயக் கம்பி, செப்புக் கம்பி என்று தேடி அலைவது இதனால்தான். கிளச் கேபிளுக்கு ஈயக் கம்பி நல்லது. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், செப்பைப்போல் மீண்டெழாது. ஆனால் எங்கே வளைக்க வேண்டும்? ஹான்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது இழுபடாத அளவுக்கு அசல் கேபிளில் தளர்வு விடப்பட்டிருக்கும். அந்தத் தளர்வே அதன் வளைவைத் தீர்மானிக்கிறது. காரணம் தெரிந்தவர் வளைத்த கேபிளையும் படம் பார்த்து வளைத்த கேபிளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

பெட்டியில் வரும் துண்டுகள் பொலிஸ்ரைரீன் என்ற பல்பகுதியத்தால் ஆனவை. அது ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். தொழிற்சாலையில் 200 பாகைக்கு மேல் சூடாக்கி, பெரும் அழுத்தத்தில் உருக்கு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அச்சு அதைவிட மிகவும் குளிர்ந்தது. சுவரைத் தொட்ட கணமே பிளாஸ்ரிக் உறையத் தொடங்கும். அச்சின் இடைவெளி மிக ஒடுங்கியிருந்தால் முனைவரை போய்ச் சேரமுன் வழியிலேயே உறைந்துவிடும். காற்றால் குளிரும் இயந்திரத்தின் செட்டைகள் மாதிரிகளில் எப்போதும் தடிப்பாக இருப்பதற்குக் காரணம் இது. அசலில் 2 அல்லது 3 மி.மீ. உள்ள செட்டை விளிம்பை ஆறால் வகுத்தால் அரை மில்லிமீற்றருக்கு மேல் வராது. அச்சுச் செய்பவர் அதைத் தடிப்பாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அச்சிலிருந்து துண்டு கழன்று வருவதற்காகப் பக்கங்களுக்கு ஓரிரு பாகை சாய்வும் வேண்டும். அதனால் அசலில் நேராக நிற்கும் சுவர்கூட மாதிரியில் சற்றே சரிந்திருக்கும். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு கோடு, துண்டைத் தள்ளி வெளியேற்றும் ஊசிகள் பட்ட இடத்தில் வட்டத் தழும்பு, தடித்த பகுதி ஆறிச் சுருங்கிய இடத்தில் ஒரு குழி. இவை ஒவ்வொன்றுக்கும் அச்சில் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்தால் எதைத் தேய்ப்பது, எதை நிரப்புவது என்பதும் தெரிந்துவிடும்.

எதைத் தேய்க்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். சிபி 750இன் முதல் 7414 வண்டிகளில் இயந்திரத்தின் அடி உறைகள் பின்னால் வந்தவற்றைப் போல் அழுத்த வார்ப்பில் செய்யப்பட்டவை அல்ல. உருகிய அலுமினியத்தைப் புவியீர்ப்பால் மட்டும் அச்சுக்குள் இறங்கவிட்டு வார்த்தவை. அவற்றின் மேற்பரப்பு சொரசொரப்பானது. மாதிரியில் வரும் உறையோ வழுவழுப்பாக இருக்கும். அந்த முதல் வண்டிகளில் ஒன்றைச் செய்ய விரும்புபவர் நிரப்புப் பசையைக் கரைப்பானில் இளக்கி, விறைத்த தூரிகையால் குற்றிக் குற்றி அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவர வேண்டும். அலுமினிய வர்ணம் பூசியதும் அந்த உறை பிளாஸ்ரிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

என் வேலை மேசை யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறையில், கடல்நீரேரியிலிருந்து வீசும் காற்று நேரே வந்து விழும் யன்னலுக்குக் கீழே இருக்கிறது. இந்த இடத்தின் நீரும் காற்றும் வெப்பமும் மாதிரிவேலையில் ஒவ்வொரு படியிலும் குறுக்கிடுகின்றன. பெட்டியுடன் வரும் வழிகாட்டித் தாள்கள் குளிர்ந்த, உலர்ந்த அறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே செய்பவர் ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும்.

துண்டுகளை முதலில் சவர்க்கார நீரில் கழுவ வேண்டும். அச்சில் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ற் பிடிக்காது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீரில் கல்சியம் அதிகம். கடல்நீரேரிக்குக் கிட்டிய கிணறுகளில் உவர்ப்பும் சேரும். அந்த நீர் உலர்ந்தால் துண்டுகளில் வெண்படலம் தங்கும். பெற்றோல் தாங்கியில் ஒட்டும் எழுத்துத் தாள்களை அந்த நீரில் ஊறவைத்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளை ஓரம் விழும். கடைசிக் கழுவலுக்கும் எழுத்துத் தாள்களுக்கும் மாரியில் பிடித்துவைத்த மழைநீர் போதும். அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு.

ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதிரிப் பசை என்பது வழக்கமான பொருளில் பசையே அல்ல. அசற்றோன், பியூற்றைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்கள்தான் அதில் வேலை செய்கின்றன. பொலிஸ்ரைரீனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் தட்டில் கிடக்கும் இடியப்பத்தைப் போல் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பவை. கரைப்பான் அவற்றுக்கிடையே புகுந்ததும் அவை அசையத் தொடங்கும். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்துச் சங்கிலிகள் மறுபக்கத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானபின் அங்கே இரு துண்டுகள் இல்லை, ஒரே துண்டுதான். எங்கள் வெப்பத்தில் கரைப்பான் வேகமாகப் பறந்துவிடுகிறது. மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே சங்கிலிகள் முழுமையாகப் பின்னியிரா. பங்குனி, சித்திரை மாதங்களில் ஒட்டிய பொருத்துகள் பின்னர் வெடிப்பதற்கு இதுவே முக்கிய காரணம். மெதுவாக ஆவியாகும் தடித்த பசையை எடுத்து, கூடிய நேரம் அழுத்திப் பிடிப்பது நல்லது. யன்னலைத் திறந்துவைப்பதும் கட்டாயம். இந்த ஆவிகள் மூளைக்கும் ஈரலுக்கும் நல்லவையல்ல.

குரோம் பூசிய துண்டுகளில் இந்தப் பசை வேலை செய்யாது. மாதிரிகளில் குரோமாக மின்னுவது உண்மையில் அலுமினியம். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, அரக்குப் பூசிய பிளாஸ்ரிக்கின் மேல் படியவிடுகிறார்கள். அந்தப் படலம் ஒரு மைக்ரோனின் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் கரைப்பான் பிளாஸ்ரிக்கைத் தொடாமல் தடுத்துவிடுகிறது. ஒட்டும் இடத்தில் அதைச் சுரண்டியே ஆக வேண்டும். முழுவதையும் அகற்ற விரும்பினால் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டால் போதும். ஐதரசன் குமிழ்கள் எழும்ப அலுமினியம் கரைந்துபோகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பிறகு அடியில் பளபளக்கும் கறுப்பைப் பூசி, அதன்மேல் மிக நுண்ணிய அலுமினியத் துகள் கொண்ட பெயின்றை மெல்லிதாகத் தூவினால் குரோம் திரும்ப வரும். கறுப்பின் பரப்பு வழுவழுப்பாக இருந்தால்தான் துகள்கள் தட்டையாகப் படிந்து கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும்.

அசல் குரோம் எப்படிக் கெடும் என்பதில் எங்கள் கரைக்கு ஒரு தனி அறிவு இருக்கிறது. வண்டியின் ஹான்டிலில் குரோமியப் படலம் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. அதன் கீழே பல மைக்ரோன் தடிப்புள்ள நிக்கல். அதற்கும் கீழே உருக்கு. குரோமியத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் எப்போதும் உண்டு. கடற்காற்றின் குளோரைட்டு அந்தத் துளைகளால் இறங்கி, நிக்கலைத் துளைத்து, உருக்கைத் தொடும். துரு வெளியே வருவது அந்தத் துளைகளால் மட்டுமே. ஆகவே குரோமில் துரு ஊசிமுனைப் புள்ளிகளாகத்தான் தோன்றும். பல புள்ளிகள் நெருங்கிய பின்னரே படலமாக உரியும். பெயின்ற் பூசிய உருக்கிலோ துரு கீறலின் ஓரத்தால் பரவும். பழைய வண்டியைச் சித்திரிக்கும் மாதிரிகளில் குரோம் முழுவதும் செம்மஞ்சளை இழுத்துப் பூசியிருப்பதைப் படங்களில் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கும். கொழும்புத்துறை ஒழுங்கைகளில் நிற்கும் எந்தப் பழைய வண்டியையும் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தவர் அப்படிப் பூசமாட்டார்.

பெயின்ற் அடிப்பதுதான் இங்கே மிகப் பெரிய சோதனை. எயார் பிறஷிலிருந்து புறப்படும் லக்கர் பெயின்றின் கரைப்பான் விரைவாக ஆவியாகும். ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சும். பூசிய பரப்பு சுற்றுக் காற்றைவிடக் குளிரும். அந்தக் குளிர்ச்சி பனிபடுநிலைக்குக் கீழே போனால் காற்றிலுள்ள நீராவி ஈரப் பெயின்றின் மேல் ஒடுங்கி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். மாரிகால மாலையொன்றில் 28 பாகை செல்சியசும் 85 சதவீத ஈரப்பதனும் இருந்தால் பனிபடுநிலை 25 பாகை. மூன்று பாகை குளிர்ந்தால் போதும், பெயின்ற் பால் நிறமாகும். அதே இடத்தில் மாசி மாத நண்பகலில் 30 பாகையும் 60 சதவீதமும் இருந்தால் பனிபடுநிலை 21 பாகைக்குச் சற்று மேல். எட்டுப் பாகைக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை லக்கர் பெயின்றைத் தொடாமல், அந்த மாதங்களை அளப்பதற்கும் அறுப்பதற்கும் ஒட்டுவதற்கும் ஒதுக்குவது என் வழக்கம். சோளகம் வீசும் மாதங்களில் வேறு பிரச்சினை. ஈரம் குறைவுதான், ஆனால் தூசி எங்கும் புகும்.

சிபி 750இன் தாங்கியில் ஹொண்டா பூசிய கான்டி நிறம் ஒளியியலைக் கற்றுக்கொள்ள நல்ல இடம். அடியில் உலோக நிறம். அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அல்லது பச்சைநீலம். ஒளி மேல்படலத்துக்குள் இறங்கி, அடியில் பட்டுத் திரும்பி, மீண்டும் அதே படலத்துக்குள்ளால் வெளியேறுகிறது. நிறத்தை இரு தரம் கடப்பதால் ஆழம் தெரிகிறது. படலத்தின் தடிப்பு சற்றுக் கூடினாலும் நிறம் கடுமையாக இருண்டுவிடும். தாங்கியின் வளைந்த ஓரங்களில் பெயின்ற் தேங்கினால் கறுத்த கோடு விழும். ஆகவே மெல்லிய படலங்களாக, தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பூச வேண்டும். அடிப்பூச்சிலும் ஒரு கணக்கு உண்டு. கார் பெயின்றிலுள்ள உலோகத் துகள் 25 மைக்ரோன் என்று வைத்தால், ஆறிலொரு மாதிரியில் அது அசலின் 150 மைக்ரோன் துகளுக்குச் சமன். தாங்கி முழுவதும் மணல் ஒட்டியதுபோல் தெரியும். கார்களுக்கான கடைகளில் அதே நிறக் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் பூசுபவர்கள் நிறம் சரியாக இருந்தும் மாதிரி பொம்மைபோல் தெரிவதாகக் குறைப்படுவது இதனால்தான்.

புகைக்குழாய் இயந்திரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் நீலம் பாய்ந்திருக்கும். அது சூட்டில் வளர்ந்த ஒட்சைட்டுப் படலத்தின் இரு முகங்களிலும் தெறிக்கும் ஒளிகள் ஒன்றோடொன்று தலையிடுவதால் வரும் நிறம். படலம் தடிக்கத் தடிக்க வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம் என்ற வரிசையில் மாறும். சூடு கூடிய இடத்தில் நீலம், தள்ளிப் போகப் போக மஞ்சள். மாதிரியில் ஒளி ஊடுருவும் நிறங்களால் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும். தலைகீழாகப் பூசினால், காரணம் தெரியாதவருக்குக்கூட ஏதோ பிழை என்று படும்.

மாதிரியின் நிற்பைப் பற்றிப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. அசல் வண்டி தன் எடையால் சுருள்வில்லில் சற்று அமர்ந்திருக்கும். எல்லா நீளங்களையும் ஆறால் வகுத்தால் கனவளவு 216ஆல் வகுபடும், எடையும் அவ்வாறே. 218 கிலோகிராம் வண்டி ஒரு கிலோகிராம் ஆகும். ஆனால் அதே உருக்கில் ஆறிலொன்றாகச் சுருக்கிய சுருள்வில்லின் விறைப்பு ஆறால் மட்டுமே குறையும். விளைவாக, மாதிரியின் அளவோடு ஒப்பிட்டால் அமர்வு ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. பிளாஸ்ரிக் மாதிரி ஒரு கிலோவும் வராது என்பதால் நிலைமை இன்னும் மோசம். வண்டி நுனிக்காலில் நிற்பதுபோல் தெரியும். விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கோடு மாறுவதால் தீர்வு எளிது. கம்பியை மூன்றில் இரண்டு பங்கு தடிப்புக்குக் குறைத்துச் சுற்றினால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். மெல்லிய கம்பியில் நாமே சுற்றிய சுருள்வில் பெட்டியில் வந்ததைவிட உண்மையானது.

ரயர் விடயத்தில் எச்சரிக்கை வேண்டும். பெரிய மாதிரிகளின் மென்மையான ரயர்கள் பெரும்பாலும் இளக்கி என்ற மென்மையாக்கும் பொருள் சேர்த்த வைனைல். அந்த இளக்கி மெல்ல வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்ரைரீனுக்குள் புகுந்து அதையும் இளக்கும். வெப்பம் கூடிய இடத்தில் இது வேகமாக நடக்கும். கண்ணாடி அலுமாரியில் வைத்த மாதிரியின் ரிம் சில ஆண்டுகளில் ரயரோடு உருகி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரிம்மில் ரயர் அமரும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிப் பிறகு ரயரை ஏற்றினால் அதைத் தடுக்கலாம்; உலோகத்தின் ஊடாக இளக்கி போகாது.

இவ்வளவையும் சிபி 750ஐ வைத்துச் சொன்னதற்குக் காரணம், அதற்குப் பெட்டி கிடைக்கிறது என்பதே. நாங்கள் செய்ய வேண்டிய வண்டி வேறு. ஜப்பானின் அஞ்சல் சேவைக்காக ஹொண்டா உருவாக்கிய எம்டி 90, பழைய வண்டியாக இறக்குமதியாகி, யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நீண்டகாலம் ஓடியது. ஹொண்டாவின் வழக்கமான கப் வண்டியைவிடச் சிறிய சில்லு, முன்புறம் தொலைநோக்கிக் குழாய் வடிவ அதிர்வுதாங்கி. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது குடாநாட்டின் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெய்யில் ஓடின. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையிலும் எரியக்கூடிய ஆவியைத் தரும்; மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாமல் துளிகளாகவே நிற்கும். அதனால் கொஞ்சப் பெற்றோலில் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாத துளிகள் வெண்புகையாகப் போயின; பிளக்கில் கரி படிந்தது; மேட்டில் ஏறும்போது இயந்திரம் தட்டியது. எரிபொருள் வேதியியலை ஒரு குடாநாடே கையால் கற்றுக்கொண்ட காலம் அது.

மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றங்களைச் சுமந்த வண்டியை ஆறிலொரு அளவில் செய்து வைத்தால், அது பொழுதுபோக்கு வேலை அல்ல, தொழில்நுட்ப வரலாற்றின் ஆவணம். கிளப்பும் பெற்றோலுக்காகச் சேர்த்த சிறு போத்தல், எரிபொருளை மாற்ற இடையில் வைத்த வால்வு, றப்பர்க் குழாய், கரி படிந்த சைலென்சர் வாய் எல்லாம் அரை மில்லிமீற்றர்த் திருத்தத்தோடு அங்கே நிற்கும். அந்த வண்டிகள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பொருத்தியவர்களுக்கும் வயதாகிறது. வேணியர் இடுக்கிமானியும் கொப்பியுமாகப் போய் அளப்பவர் சட்டத்தையும் இயந்திரத்தையும் பின்னுக்கு விடலாம். அவை தொழிற்சாலை வரைபடங்களில் இருக்கும். முதலில் அளக்க வேண்டியது தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை குழாய் போன வழியும், வால்வு பூட்டிய இடமும். அவை மட்டும்தான் வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர், செய்த கைக்குக் கை வேறுபட்டவை.